விறாந்தை லைற் ஏன் சிலநேரம் மட்டும் எரிகிறது

ஒரு சுவிச் முற்றாகப் பழுதாகிவிட்டால் பெரிய கவலை இல்லை. கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். காலையில் ஒழுங்காக இருந்து, பின்னேரம் முரண்டு பிடித்து, ஆள் வந்து பார்க்கும்போது மறுபடியும் நல்ல பிள்ளையாக எரிகிற சுவிச்தான் உயிரை வாங்கும். போனில் இருந்தும் இயக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிச்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் பழுதாகின்றன. "சாமான் சரியில்லை, வேறு வாங்கு" என்று சொல்வது சுலபம். புதிதாக வாங்கிப் பூட்டியதும் கொஞ்ச நாளில் அதே கரைச்சலைத் தந்ததைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். சுவிச்சுக்குப் பின்னால் இருக்கும் வயர், வீட்டுக் கறண்ட், சுவர், ரூட்டர், கடல் கடந்து எங்கோ இருக்கும் சேர்வர் என்று காரணம் ஒளிந்திருக்கப் பல இடங்கள் உண்டு. அதைத் தேடிப் பிடிக்காமல் சாமானை மட்டும் மாற்றினால் காசுதான் போகும்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீடு அப்பாவின் அப்பா கட்டியது. விறாந்தை ஒரு பக்கம், குசினி மறுபக்கம். கிணற்றடி லைற்றின் சுவிச் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் நோ. இருட்டில் படியிறங்கிப் போய்ச் சுவரைத் தடவிச் சுவிச் தேட அவரால் முடியாது. அதற்காகத்தான் இந்தச் சுவிச்சுகளைப் போட்டோம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கும் விறாந்தை லைற் எரிகிறதா என்று போனில் பார்த்துவிட்டால் ஒரு நிம்மதி. எங்கள் ஒழுங்கையில் பல வீடுகள் இப்படித்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் இங்கே தனியே. இந்த வீடுகளில் லைற் சொன்னபடி எரியாத ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளக்கூடிய இரவு. அதனால்தான் இதை விளையாட்டுச் சாமான் விடயமாக என்னால் எடுக்க முடியவில்லை.

நான் கணினி வலையமைப்பு வேலை செய்பவன். வயர் வேலைக்கு எங்கள் பக்கத்தில் அனுபவமுள்ள அண்ணை ஒருவர் வருவார். எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததையும், பார்த்துப் பிடித்த காரணங்களையும் எழுதுகிறேன்.

பழுது பார்க்கப் போனால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சுவரில் கையால் அழுத்தினால் லைற் எரிகிறதா? எரியவில்லை என்றால் பழுது மின்சாரப் பக்கம். வயர், ரிலே (சுவிச்சுக்குள் கறண்டை இணைத்துப் பிரிக்கும் சின்னப் பாகம்), குமிழ், சுவிச்சின் உள் மின்வழங்கி, இவற்றில் ஒன்று. கையால் அழுத்தினால் எரிகிறது, போனில் இருந்து மட்டும் முடியவில்லை என்றால் வைஃபை அல்லது ஸிக்பீ (வைஃபை போல இன்னொரு கம்பியில்லா முறை) பக்கம் போக வேண்டும். இரண்டும் சரி, ஆனால் குறித்த நேரத்துக்கு எரிவதில்லை என்றால் கடிகாரத்தையும் செயலியில் எழுதிய விதியையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ரூட்டரை மாற்றியவர்களும் இருக்கிறார்கள், சுவரை உடைத்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது, குறித்து வைப்பது. சிலநேரம் மட்டும் வரும் பழுதைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் "லைற் வேலை செய்யாத நேரத்தை மட்டும் எழுதி வையுங்கோ" என்று கேட்டிருந்தேன். அவர் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தந்த நாளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதி வைத்திருந்தார். "பின்னேரம், விறாந்தை, கறண்ட் வந்த பிறகு." அதற்குக் கீழே இன்னொரு நாளில், "கறண்ட் வந்த பிறகு." அடுத்த கிழமையிலும் அதுவே. மாதத் தாளை ஒரு தடவை பார்த்ததும் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. செயலியில் இருக்கும் பதிவுகளில் பக்கம் பக்கமாக வரி இருந்தும் இவ்வளவு தெளிவு கிடைக்கவில்லை.

கறண்ட் போய் வருவதுதான் எங்கள் ஊர்ச் சுவிச்சுகளுக்கு முதல் சோதனை. கறண்ட் வந்ததும் சுவிச் சில விநாடிகளில் விழித்துவிடும். ஆனால் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் எழும்பி இணைய ஓரிரு நிமிடம் பிடிக்கும். விழித்த சுவிச் வைஃபையைத் தேடும், காணாது. நல்ல சுவிச் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். சில மலிவானவை கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கைவிட்டுவிடும், அல்லது இடைவெளியைக் கூட்டிக் கூட்டித் தேடும். செயலியில் "இணைப்பில் இல்லை" என்று காட்டும். பிரேக்கரைப் போட்டு எடுத்தால் சரியாகிவிடும். மக்கள் இதைச் சுவிச்சின் கோளாறு என்று நினைக்கிறார்கள். மருந்து சுவிச்சில் இல்லை. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன 12 வோல்ற் டி.சி. யூ.பி.எஸ். போதும். ரூட்டர் அணையாமல் இருந்தால், சுவிச் விழிக்கும்போது வைஃபை தயாராக இருக்கும். வாங்கும்போது ரூட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ற்றையும் அம்பியரையும் பார்த்து வாங்க வேண்டும். 9 வோல்ற்றில் ஓடும் பெட்டிகளும் உண்டு.

இதைவிட மோசமானது, கறண்ட் ஒரேயடியாகப் போகாமல் போய்ப் போய் வருவது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்னோலையும் பனையோலையும் கம்பியில் தட்டும்போது லைற் இமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல ஸ்மார்ட் குமிழ்களையும் சில சுவிச்சுகளையும் அடுத்தடுத்து அணைத்துப் போட்டால் அவை பழைய அமைப்பை மறந்து, புதிதாக இணைக்கும் நிலைக்குப் போய்விடும். அப்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள், பொத்தான் இல்லாத குமிழை மீட்டெடுக்க வேறு வழி இல்லை என்பதால். காற்று ஆட்டும் கம்பிக்கும் மனிதன் ஆட்டும் சுவிச்சுக்கும் அந்தச் சாதனத்துக்கு வித்தியாசம் தெரியாது. டாஸ்மோட்டா என்ற திறந்த மென்பொருளில் ஓடும் சுவிச்சுகளில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது: பத்து விநாடிக்குக் குறைந்த இடைவெளியில் ஆறு தடவை கறண்ட் போய் வந்து, ஏழாவது தடவை நிலைத்து நின்றால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும். நல்ல காலம், செட்ஒப்ஷன்65 என்ற ஒரு கட்டளையால் அதை நிறுத்தி வைக்கலாம். யாழ்ப்பாணத்தில் டாஸ்மோட்டா போடும் எவரும் முதல் நாளே அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கறண்ட் வந்தவுடன் சுவிச் என்ன நிலையில் நிற்க வேண்டும் என்ற அமைப்பும் பல செயலிகளில் உள்ளே எங்கோ புதைந்து கிடக்கும். அணைந்து நிற்பது, எரிந்து நிற்பது, முன்பிருந்த நிலைக்குப் போவது என்று மூன்று தெரிவு. எங்கள் வீட்டில் படுக்கையறைக்கு முதலாவது, விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் மூன்றாவது. நடுச்சாமத்தில் கறண்ட் வந்து வீடு முழுக்க லைற் எரிந்தால் வயதானவர்கள் கள்ளன் வந்துவிட்டான் என்று பயந்து எழும்புகிறார்கள். பெரியம்மா வீட்டில் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

மின்சார வெட்டு எங்கள் தலைமுறைக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் படித்தவர்கள் நாங்கள். 2022 இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டிய காலமும் கடந்து வந்தாயிற்று. அதற்குப் பிறகு எங்கள் சுற்றத்தில் பலரும் இன்வேர்ட்டர் வாங்கினார்கள். அந்த இன்வேர்ட்டரும் ஸ்மார்ட் சுவிச்சும் ஒரே வீட்டில் சந்திக்கும்போது வரும் பிரச்சினைக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன். அதற்கு முதல் நியூட்ரலைப் பற்றி, அதாவது லைற்றுக்குப் போன கறண்ட் திரும்பிப் போகும் வயரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுச் சுவிச் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டே வயர். இரண்டும் சிவப்பு. ஒன்று கறண்ட் வரும் வயர், மற்றது லைற்றுக்குப் போகும் வயர். நியூட்ரல் சுவிச்சுக்கு வராமல் நேரே லைற்றுக்குப் போயிருக்கும். பழைய வீடுகளில் அநேகமாக இப்படித்தான். சாதாரண சுவிச்சுக்கு நியூட்ரல் தேவையே இல்லை, வயரை இணைப்பதும் பிரிப்பதும்தான் அதன் வேலை. ஸ்மார்ட் சுவிச்சுக்கு உள்ளே ஒரு சின்னக் கணினி ஓடுகிறது. லைற் அணைந்திருக்கும்போதும் அதற்குக் கறண்ட் வேண்டும். நியூட்ரல் இல்லாத இடத்துக்கென்று விற்கும் சுவிச்சுகள் அந்தக் கறண்டைக் குமிழுக்கூடாக மெல்லக் கசிய விட்டு எடுத்துக்கொள்கின்றன. முன்பு 60 வாட், 100 வாட் இழைக் குமிழ்கள் இருந்த காலத்தில் அந்தக் கசிவு கண்ணுக்கே தெரியாது. இப்போது நாங்கள் போடுவது 5 வாட், 7 வாட் எல்.ஈ.டி. அந்தச் சிறு கசிவு எல்.ஈ.டி. குமிழின் உள்ளே கறண்டைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். நிரம்பியதும் ஒரு வெட்டு வெட்டி எரியும். திரும்ப நிரம்பும், திரும்ப வெட்டும்.

"தம்பி, அணைச்ச பிறகும் அந்த லைற் கண் சிமிட்டுது, எனக்கு நித்திரை வருகுதில்லை" என்று அம்மா சொன்னது இதைத்தான். இதே காரணம் வேறு வேஷத்திலும் வரும். குமிழ் கண் சிமிட்டாது, பதிலாகச் சுவிச்சுக்குப் போதிய கறண்ட் கிடைக்காமல் அது நெற்வேர்க்கில் இருந்து விழுந்து விழுந்து எழும்பும். வைஃபை பலவீனம் என்று ரூட்டரை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குமிழை மாற்றி, கொஞ்சம் கூடிய வாட் உள்ள ஒன்றைப் போட்டுப் பார்ப்பது சுலபமான சோதனை. நிலைமை மாறினால் காரணம் பிடிபட்டுவிட்டது.

தீர்வு மூன்று. சுவிச்சோடு வரும் சின்னக் கப்பாசிற்றர் துண்டை லைற்றின் இரண்டு முனைக்கும் குறுக்கே போடுவது ஒன்று. கசிவு அதற்கூடாகப் போய்விடும், குமிழ் அமைதியாக இருக்கும். அதைச் சுவிச் பெட்டிக்குள் போட்டால் பயன் இல்லை, லைற் பக்கம்தான் போட வேண்டும். இரண்டாவது, ரிலே மொடியூலை மேலே லைற் இருக்கும் இடத்திலேயே வைப்பது, அங்கே நியூட்ரல் இருக்கிறது. மூன்றாவது, சுவிச் வரைக்கும் புதிதாக ஒரு நியூட்ரல் வயர் இழுப்பது. பழைய யாழ்ப்பாண வீடுகளில் வயரைச் சுவருக்குள் புதைக்காமல், மரச் சட்டத்தில் கிளிப் அடித்துக் கொண்டுபோயிருப்பார்கள். பார்க்க அழகில்லை என்று பலர் அதைக் கழற்றி எறிகிறார்கள். எனக்கென்றால் அது ஒரு வரம். சுவரை உடைக்காமல், இருக்கும் வயருக்குப் பக்கத்திலேயே நியூட்ரலுக்கு 1/1.13 (1.13 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி) வயர் ஒன்றை ஓட்டிவிடலாம். நாங்கள் விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் அதைத்தான் செய்தோம். கண் சிமிட்டலும் இல்லை, விழுந்து எழும்புவதும் இல்லை.

நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த் வயரை நியூட்ரலாக இணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். ட்ரிப் சுவிச் இருக்கும் வீட்டில் அது அடிக்கடி வீழலாம், 30 மில்லி அம்பியர் கசிந்தால் வீழ்வதற்குத்தான் அது இருக்கிறது. ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் இன்னும் மோசம், எங்கோ எர்த் கம்பி விடுபட்ட நாளில் ஃபிறிட்ஜின் கைபிடியில் கறண்ட் வரும்.

அடுத்த பிழை, பக்கத்தில் இருக்கும் வேறு இணைப்பில் இருந்து நியூட்ரலை எடுப்பது. மானிப்பாயில் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டறைச் சுவிச் அப்படித்தான் இருந்தது. முன்பு யாரோ பூட்டியது. கறண்ட் இருக்கும்போது அருமையாக வேலை செய்யும். கறண்ட் போய் இன்வேர்ட்டர் ஓடத் தொடங்கினால் அந்தச் சுவிச் மட்டும் செத்துவிடும், பக்கத்து அறை லைற்றுகள் எல்லாம் எரியும். பெரியம்மா அதை "கறண்ட் போனால் கோபிக்கிற சுவிச்" என்று சொல்லுவார். அண்ணை பெட்டியைத் திறந்து, மல்ரிமீற்றரைப் பிடித்து, பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டி வரைக்கும் ஒவ்வொரு வயராகத் தேடிக்கொண்டு போனார். கறண்ட் வயர் இன்வேர்ட்டர் பக்கத்தில் இருந்து வந்தது, நியூட்ரல் இன்வேர்ட்டரில் சேராத பிளக் இணைப்பில் இருந்து வந்தது. அந்த இன்வேர்ட்டர் தனியே ஓடும்போது தன் நியூட்ரலை வெளிக் கம்பியின் நியூட்ரலில் இருந்து பிரித்துவிடும். அப்போது சுவிச்சுக்குக் கறண்ட் போக வழி உண்டு, திரும்பி வர வழி இல்லை. இன்வேர்ட்டர் பக்கத்து நியூட்ரலை இழுத்துக் கொடுத்தோம், அன்றோடு முடிந்தது. இதில் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. லைற் பிரேக்கரை இறக்கிவிட்டு எல்லாம் அணைந்துவிட்டது என்று நம்பி வேலை செய்பவர் தொடும் நியூட்ரலில் வேறு இணைப்பின் கறண்ட் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே பெட்டியைத் திறக்கும் எவரும் மெயின் சுவிச்சை இறக்க வேண்டும், இன்வேர்ட்டரையும் அணைக்க வேண்டும். டெஸ்டர் எரிகிறதா இல்லையா என்பதை மட்டும் நம்பக் கூடாது. வேலை தெரியாதவர் இதில் கை வைக்கவே கூடாது.

பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு சாதாரண காரணம், இறுகாத திருகு. எங்கள் பழைய சங்க் பொக்ஸ்கள் (சுவருக்குள் புதைக்கும் சுவிச் பெட்டிகள்) ஆழம் குறைந்தவை. சாதாரண சுவிச்சுக்குப் போதும். ஸ்மார்ட் சுவிச்சின் உடம்பு தடிப்பு. வயரை மடித்து அமத்தி உள்ளே தள்ளும்போது ஒற்றைக் கம்பி வயர் எதிர்த்து நின்று, திருகில் இருந்து மெல்ல நழுவும். சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது. கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக்கில் கபில நிறத்தில் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும். அதைக் கண்டால் திருகை இறுக்கிவிட்டுப் போகக் கூடாது, கருகிய சுவிச்சை மாற்ற வேண்டும். புதிதாக வீடு கட்டுபவர்களிடம் நான் கேட்பது, சங்க் பொக்ஸ் 35 மில்லிமீற்றருக்குக் குறையாமல், முடிந்தால் 47 மில்லிமீற்றர் ஆழம் போடுங்கள், ஒவ்வொரு சுவிச்சுக்கும் நியூட்ரல் இறக்கி வையுங்கள். இப்போது ஸ்மார்ட் சுவிச் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. பிறகு சுவரை வெட்டும் செலவோடு பார்த்தால் அந்த வயரின் விலை ஒன்றுமே இல்லை.

ரிலேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுத்தும்போது "டிக்" என்று கேட்கும் சத்தம் அதனுடையது. டிக் கேட்கிறது, லைற் எரியவில்லை என்றால் உள்ளே தொடுமுனை கருகியிருக்கலாம், சிலவேளை எறும்பு புகுந்து நசுங்கியிருக்கலாம். அணைத்தாலும் லைற் அணையவில்லை, சுவிச்சில் ஒரு தட்டுத் தட்டினால் அணைகிறது என்றால் தொடுமுனை ஒட்டிப் பிடித்துவிட்டது. பெட்டியில் 10 அம்பியர் என்று எழுதியிருப்பது ஹீற்றர் போன்ற சாதனங்களுக்கு. எல்.ஈ.டி. குமிழ் ஓடும்போது எடுக்கும் கறண்ட் சொற்பம்தான், ஆனால் போடும் அந்த முதல் கணத்தில் பல மடங்கு இழுக்கும். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று மதில் நீளத்துக்கு எல்.ஈ.டி. மாலைகளை ஒரே சுவிச்சில் மாட்டும்போது ரிலே ஒட்டுவது இதனால்தான். தண்ணி மோட்டருக்கும் இந்தச் சின்ன ரிலேயை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. நடுவில் கூடிய கறண்டைத் தாங்கும் கொன்டக்டர் ஒன்று வேண்டும்.

மத்தியானச் சூட்டில் மட்டும் விழுகிற சுவிச்சைக் கண்டால் அதன் உள் மின்வழங்கியைச் சந்தேகியுங்கள். மலிவான பல சுவிச்சுகளில் இருக்கும் இ.எஸ்.பி.8266 போன்ற சிப்புகள் வைஃபையில் செய்தி அனுப்பும் கணத்தில் திடீரென்று சில நூறு மில்லி அம்பியர் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கித் தருவது ஒரு சின்ன எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர். சூடு கூடக் கூட அதன் ஆயுள் குறையும். 10 பாகை கூடினால் ஏறக்குறையப் பாதி என்பது பொதுவான கணக்கு. மேற்கு வெயில் நேரே விழும் சுவரில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் அது காய்ந்துபோகும். பிறகு ஒவ்வொரு தடவையும் செய்தி அனுப்ப முயலும்போது சிப் மயங்கி, மறுபடி தொடங்கும். இதைத் திருத்தத் தெரிந்தவர் திருத்தலாம். மற்றவர்கள் மாற்றிவிடுவதே நல்லது, மெயின் கறண்டோடு இருக்கும் பலகையில் பழகக் கூடாது.

அண்ணா முதலில் கனடாவில் இருந்து ஒரு பெட்டி சுவிச் அனுப்பியிருந்தார். பார்க்க அழகு, தரமும் நல்லது. ஆனால் அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். 120 என்று மட்டும் எழுதிய சுவிச்சை இங்கே மாட்டினால் புகைந்துவிடும். உருவமும் நீளப் பெட்டிக்கு உரியது, எங்கள் சதுரப் பெட்டியில் பொருந்தாது. ஆசையாக அனுப்பும் அண்ணா அக்காமாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி ரேடியோப் பக்கம். எங்கள் பழைய சுவர்கள் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை, தடித்தவை. அதற்குள் இரும்புச் சங்க் பொக்ஸ், அதற்குள் சுவிச்சின் சின்ன அன்ரனா. மாரியில் சுவர் ஊறினால் இன்னும் மோசம். டாஸ்மோட்டா போன்ற மென்பொருளில் சிக்னல் அளவைப் பார்க்கலாம். மைனஸ் 67 டி.பி.எம். அளவில் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 80ஐயும் தாண்டிக் கீழே போனால் இன்று வேலை செய்வதே அதிர்ஷ்டம். ரூட்டரைத் தகர அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி நடு அறையில் வைப்பதே பாதித் தீர்வு. இந்தச் சுவிச்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும் அறிந்தவை. சனலைத் தானாகத் தெரிவு செய்ய விடாமல் 1, 6, 11 இல் ஒன்றில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். ரூட்டர் டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய வைஃபைப் பாதுகாப்பு முறை மட்டும் என்று நின்றால் பழைய சிப்புகள் சேராது, டபிள்யூ.பி.ஏ.2 ஐயும் திறந்து விட வேண்டும். ஒவ்வொரு சுவிச்சுக்கும் ரூட்டரில் மாறாத ஐ.பி. முகவரி ஒதுக்கி வைப்பதும் பிறகு வரும் பல தலையிடிகளைத் தவிர்க்கும்.

வைஃபை எட்டாத மூலைகளுக்கு நான் ஸிக்பீ விரும்புகிறேன். அதில் நியூட்ரலோடு பூட்டிய ஒவ்வொரு சுவிச்சும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்திக் கொடுக்கும், கல்வீட்டுக்கு அது பெரிய உதவி. நியூட்ரல் இல்லாத சுவிச் அநேகமாகக் கடத்தாது. எங்கள் வீட்டில் ஒரு வினோதம் நடந்தது. ஐப்பசியில் இடி மின்னல் தொடங்கினால் கிணற்றடிச் சுவிச் காணாமற்போய்விடும். மழையால் சிக்னல் குறைகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மை வேறு. இடி முழங்கத் தொடங்கியதும் அம்மா வீட்டில் இருக்கும் அத்தனை பிளக்கையும் கழற்றிவிடுவார், அது மிகச் சரியான பழக்கம். கழற்றும் பிளக்குகளில் ஒன்று குசினியில் இருந்த ஸிக்பீ பிளக். கிணற்றடிச் சுவிச் அதற்கூடாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. அம்மாவின் பழக்கத்தை மாற்றச் சொல்லாமல், குசினிச் சுவிச்சை நியூட்ரலோடு பூட்டி அந்த வேலையை அதற்குக் கொடுத்தோம்.

ஸிக்பீயும் 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் பேசுகிறது. வைஃபை 11 ஆம் சனலில் நின்றால், ஸிக்பீயை 15 அல்லது 25 இல் வைப்பது நல்லது. 25 என்பது 2475 மெகாஹேர்ட்ஸ், வைஃபை சனல்களுக்கு மேலே ஓரமாக இருக்கிறது. சில பழைய சாதனங்கள் 26 இல் ஒழுங்காக வேலை செய்யாது, ஆகவே அதைத் தவிர்க்கிறேன். இன்னொன்று, யூ.எஸ்.பி. 3 இணைப்புகள் இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012 இல் இதைப் பற்றி ஆவணம் வெளியிட்டது. கறண்ட் வெட்டில் மெமரி கார்ட் பழுதாகிறது என்று ஹோம் அசிஸ்டன்ட் (சுவிச்சுகளை வீட்டுக்குள் இருந்தே இயக்கும் மென்பொருள்) ஓடும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவோம். அந்த எஸ்.எஸ்.டி. யூ.எஸ்.பி. 3 இல் ஓடும், பக்கத்தில் சுவிச்சுகளோடு பேசும் ஸிக்பீ யூ.எஸ்.பி. குச்சி செருகியிருக்கும், மறுநாளில் இருந்து சுவிச்சுகள் ஒவ்வொன்றாக விழும். ஒரு மீற்றர் யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர் போட்டுக் குச்சியைத் தள்ளி வைத்தால் போதும்.

நேரக் கோளாறு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். விறாந்தை லைற் ஆறரைக்கு எரியும்படி அண்ணா தன் கணக்கில் அமைத்திருந்தார். கார்த்திகை தொடங்குவதற்குச் சற்று முன்பு அது ஏழரைக்கு எரியத் தொடங்கியது. சுவிச், ரூட்டர், சேர்வர் எல்லாம் சரி. செயலியில் வீட்டின் நேர வலயம் ரொறன்ரோ என்று இருந்தது. ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் வைப்பார்கள். ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் பத்தரையாகும், இங்கே லைற் ஒரு மணித்தியாலம் பிந்தும். "அண்ணா, வீட்டு இடத்தை யாழ்ப்பாணம் எண்டு மாத்துங்கோ" என்று சொன்னதும் சரியானது. அதோடு நேரத்தை விட்டுவிட்டுச் சூரிய அஸ்தமனத்தை வைத்து எரியச் செய்தோம். இங்கே அஸ்தமனம் வருடம் முழுக்க ஆறுக்குச் சற்று முன்பிருந்து ஆறரையைத் தாண்டும் வரைக்குள் அடங்கிவிடும்.

முடிந்தவரை சேர்வரை நம்பாமல் வீட்டுக்குள்ளேயே இயங்கும்படி அமைப்பதுதான் என் வழி. வெளிநாட்டுச் சேர்வருக்குப் போய்த் திரும்பி வரும் கட்டளை, இணையம் இல்லாத நாளில் எங்கும் போகாது. ஹோம் அசிஸ்டன்ட் வீட்டில் ஓடினால் இணையம் இல்லாவிட்டாலும் விதிகள் நடக்கும், அண்ணா பார்க்கும் வசதி மட்டும் அந்த நேரத்துக்கு நிற்கும். அம்மாவுக்கு இருட்டில் லைற் வேண்டும், அண்ணா சற்றுப் பிந்திப் பார்க்கலாம்.

கண்ணாடித் தொடு சுவிச்சுகளை வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் பூட்டுவதில்லை. ஈரக் கையில் ஒழுங்காக உணராது, இருட்டில் தடவும்போதே எரிந்து அணைந்துவிடும், மலிவான இன்வேர்ட்டரில் ஓடும்போது தானாகவே எரியவும் கூடும். அம்மாவுக்குப் பழகிய பழைய தட்டுச் சுவிச்சை அப்படியே விட்டு, அதற்குப் பின்னால் ரிலே மொடியூலை வைத்தோம். அம்மா எப்போதும் போல் தட்டுகிறார், லைற் எரிகிறது. வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிகிறது. போன், நேரம், அண்ணாவின் செயலி எல்லாம் அதற்கு மேலே சேர்ந்தவை.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் எழுதி டி.பி. பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன்: எந்தப் பிரேக்கர் எந்த லைற், எந்த நியூட்ரல் இன்வேர்ட்டர் பக்கம், மேலே சீலிங்கில் எந்த இடத்தில் மொடியூல் இருக்கிறது, மொடியூலைக் கழற்றிவிட்டுப் பழையபடி நேரே இணைப்பதென்றால் எந்த இரண்டு வயர். நான் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் வந்தாலும் அதைப் பார்த்து வேலை செய்யலாம். பெரியம்மா வீட்டுக்கு இன்னும் எழுதவில்லை, இந்தச் சனிக்கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.